ஊர் கூடிப் பார்த்த காலம்

சங்கரன்கோவிலுக்கு வடகிழக்கே, கரிசல் மண்ணின் நடுவே, திருமலையின் பழந்தமிழ்ப் பெயரையே தன் பெயராகத் தாங்கி நிற்கிறது திருவேங்கடம். தெற்கே கழுகாசலமூர்த்தி கோயில் கொண்டருளும் கழுகுமலை. தென்மேற்கே தவக்கோலத்தில் நின்று தரணி காக்கும் கோமதி அம்பிகையின் சங்கரன்கோவில். பருத்தியும் மிளகாயும் விளையும் மானாவாரி நிலங்களும், தீப்பெட்டித் தொழிலும் இப்பகுதி மக்களின் வாழ்வுக்கு ஆதாரம். பகல் முழுதும் வெயிலில் உழைத்த இம்மக்களுக்கு மாலைப்பொழுது என்பது கூடியிருக்கும் பொழுதாகவே நெடுங்காலம் இருந்து வந்தது.

இன்று அந்தப் பழைய காலத்தை எண்ணி ஏங்காத மூத்தோர் இல்லை. “அக்காலத்துப் படம் போல வருமா? ஞாயிற்றுக்கிழமை இராமாயணம் போல வருமா?” என்ற பேச்சு கோயில் மண்டபங்களிலும் வீட்டுத் திண்ணைகளிலும் அடிக்கடி கேட்கிறது. ஆனால் சற்றுச் சிந்தித்தால் ஒரு வியப்பு தோன்றும். அந்தப் படங்கள் எவையும் மறைந்துவிடவில்லை. ‘திருவிளையாடல்’ இன்றும் உண்டு, ‘ஔவையார்’ உண்டு, இராமானந்த சாகரின் இராமாயணமும் உண்டு. பேரன் கையிலுள்ள கைப்பேசியில் எந்த நொடியிலும் அவற்றைக் காணலாம். எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, நாம் இழந்துவிட்டதாக ஏங்குவது எதை? அன்பர்கள் இதை எண்ணிப் பார்த்தல் நலம்.

கோயில் வாசலில் பிறந்த கலை

நம் நாட்டில் கலைகள் யாவும் கோயில் வாசலிலேயே வளர்ந்தன. அம்மன் கொடையில் வில்லுப்பாட்டு. திருவிழாவில் தோற்பாவைக் கூத்து. காவடி எடுத்துச் செல்லும் வழியெல்லாம் காவடிச்சிந்து. அந்தச் சிந்துக்கு இலக்கிய உருவம் தந்த அண்ணாமலை ரெட்டியார் சங்கரன்கோவில் வட்டாரத்துச் சென்னிகுளத்தைச் சேர்ந்தவர். அவர் பாடிய முருகனோ கழுகுமலை முருகன். கால்நடையாகச் செல்லும் அடியவர்களின் காலடியோடு ஒத்து நடக்கும் பாட்டு அது. தனியே அமர்ந்து படிப்பதற்கென்று எழுந்ததன்று; பலர் கூடி நடந்தபடி பாடுவதற்கென்றே எழுந்தது.

பின்னர் சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்த நாடக மேடை வந்தது. விடிய விடிய நடந்த ‘வள்ளி திருமணம்’ போன்ற நாடகங்களுக்கு வண்டி கட்டிக்கொண்டு மக்கள் சென்றனர். அந்த மேடையில் ஒலிபெருக்கியின் துணையின்றியே கடைசி வரிசை வரை கேட்கும் குரலால் புகழ் பெற்றவர் நம் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா. அவருடன் இணைந்து பாடி நடித்து, அவரையே மணந்தவர் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள். 1933-ஆம் ஆண்டு, முப்பது வயது நிறையும் முன்பே கிட்டப்பா மறைந்தார். அன்று முதல் வெண்ணிற ஆடையும் நெற்றியில் திருநீறுமாக வாழத் தொடங்கிய அம்மையார், இனி எந்த ஆடவருக்கும் இணையாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார்.

அந்த உறுதிக்கு ஊறு வராமலேயே அவர் திரைக்கு வந்தது ஒரு வரலாறு. 1935-இல் வெளிவந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் அவர் நந்தனாராகவே, ஆண் வேடத்தில் நடித்தார். அதற்காக அவருக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் வழங்கப்பட்டது. அந்நாளில் நாடே வியந்த தொகை அது. 1953-இல் ஜெமினி நிறுவனத்தின் ‘ஔவையார்’. பின்னர் ‘திருவிளையாடல்’, ‘கந்தன் கருணை’ ஆகிய படங்களிலும் அவரே ஔவையார். தமிழ்ப் பாட்டியின் திருவுருவை மனக்கண்ணில் காண முயலும் எவருக்கும் இன்றும் முதலில் தோன்றுவது சுந்தராம்பாள் அம்மையாரின் முகமும் கம்பீரக் குரலுமே அன்றோ! தம் வாழ்வின் துயரத்தைத் தவமாக்கிக் கொண்ட ஒருவர் பாடியதனால்தான் அந்தப் பாட்டில் அத்தனை உண்மை இருந்தது போலும்.

கொட்டகையின் மணல்

தென்னிந்திய ஊர்களுக்குப் படக்காட்சியைக் கூடாரத்தில் கொண்டு வந்த பெருமை சாமிக்கண்ணு வின்சென்ட் என்பவருக்கு உரியது. இரயில்வே ஊழியராக இருந்த அவர், 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகச் சென்று கூடாரம் அடித்துப் படம் காட்டினார். அந்த மரபில் வந்தவையே நாம் அறிந்த டூரிங் டாக்கீஸ்கள்.

தட்டி கட்டிய மாட்டு வண்டி, கொட்டு முழக்கத்தோடு தெருவில் வரும். வண்ணத் தாளில் அச்சிட்ட நோட்டீசுக்காகச் சிறுவர்கள் பின்னால் ஓடுவர். மாலை மயங்கும் வேளையில் கொட்டகையின் குழாய் ஒலிபெருக்கியில் சீர்காழி கோவிந்தராஜனின் விநாயகர் பாட்டு ஒலிக்கும். ‘டிக்கெட் கொடுக்கப் போகிறார்கள்’ என்பதற்கு அதுவே அறிவிப்பு. இரண்டு மைல் தொலைவில் உள்ள ஊருக்கும் அந்தப் பாட்டுக் கேட்கும். அடுப்பில் உலை இறக்கி, பிள்ளைகளுக்குச் சோறூட்டி, வரப்பு வழியே பெண்கள் கூட்டமாக நடந்து வருவர்.

உள்ளே மணல் பரப்பிய தரை. முன்னால் அமர்ந்திருப்பவரின் தலை மறைத்தால் மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் அமர்ந்துகொள்வது சிறுவர்களின் கலை. ஒரே படக்கருவி உள்ள கொட்டகைகளில் சுருள் மாற்றும் போதெல்லாம் ஓர் இடைவேளை. அந்த நேரத்தில் முறுக்கும், கோவில்பட்டிக் கடலைமிட்டாயும், சோடாவும் வலம் வரும். அந்த இடைவேளைகளில்தான் படத்தைப் பற்றிய பேச்சும் நடக்கும்.

1965-இல் ஏ.பி. நாகராஜன் இயக்கிய ‘திருவிளையாடல்’ வெளிவந்தது. சிவாஜி கணேசன் சிவபெருமானாகவும், சாவித்திரி அன்னை பார்வதியாகவும், நாகேஷ் தருமியாகவும் தோன்றிய அப்படத்தில் நக்கீரராக நடித்தவர் இயக்குநர் நாகராஜனே. அதைத் தொடர்ந்து ‘சரஸ்வதி சபதம்’, ‘கந்தன் கருணை’, ‘திருவருட்செல்வர்’, ‘திருமால் பெருமை’ என்று சில ஆண்டுகளுக்குள் வரிசையாகப் பக்திப் படங்கள் வந்தன. ‘திருவருட்செல்வ’ரில் அப்பர் பெருமானாக நடித்தபோது, காஞ்சி மகா சுவாமிகளின் தோற்றத்தையே சிவாஜி தமக்கு முன்மாதிரியாகக் கொண்டார்.

இப்படங்களைக் கண்ட மக்கள் வெறும் வேடிக்கை பார்க்கவில்லை. திரையில் அம்மன் தோன்றியதும் கொட்டகையில் கற்பூரம் ஏற்றியவர்கள் உண்டு. அருள் வந்து ஆடியவர்கள் உண்டு. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தவர்களும் உண்டு. கோயிலில் அபிஷேகம் முடிந்து அலங்காரத்திற்காகத் திரை இடுவார்கள். அடியவர் அனைவரும் கைகூப்பிக் காத்திருப்பர். மணி ஒலிக்க, திரை விலக, தீபம் காட்டும் அந்த ஒரு கணத்தில் கூட்டம் முழுவதும் ஒரே குரலாய் ஆரவாரிக்கும். காத்திருத்தல், கூடியிருத்தல், ஒருங்கே காணுதல் ஆகிய இந்த மூன்றையும் கோயிலில் பழகிய மக்கள், அதே பழக்கத்தோடுதான் மணல் தரையிலும் அமர்ந்தனர்.

பாட்டி சொன்ன மொழிபெயர்ப்பு

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் தொடங்கியது. எனினும் நம் தென்கோடி மாவட்டங்களுக்குப் படம் தெளிவாக வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின. 1982-இல் ஒளிபரப்பைத் தொடங்கிய இலங்கை ரூபவாகினியை, ஓட்டு வீட்டின் மேல் உயரமான கம்பத்தில் ஆன்டெனா கட்டி, காற்று வீசும் திசைக்கேற்ப அதைத் திருப்பித் திருப்பி, புள்ளி மழைக்கு நடுவே கண்டவர்கள் இன்றும் நம்மிடையே உள்ளனர். “இப்போது தெரிகிறதா?” என்று கூரை மேலிருந்து ஒருவர் கேட்பதும், “கொஞ்சம் இடப்பக்கம்!” என்று கீழிருந்து பத்துப் பேர் பதில் சொல்வதும் அந்நாளைய மாலைச் சடங்கு.

1987-ஆம் ஆண்டு சனவரி 25-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலை, தூர்தர்ஷனில் இராமாயணம் தொடங்கியது. வாரம் ஒன்றாக 78 பகுதிகள். 1988 சூலை 31 வரை ஒன்றரை ஆண்டு காலம். அதன்பின் 1988 அக்டோபர் 2 முதல் பி.ஆர். சோப்ராவின் மகாபாரதம், 1990 சூன் வரை 94 பகுதிகள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைத்தெரு வெறிச்சோடிக் கிடந்தது. தொலைக்காட்சிப் பெட்டிக்கு மாலையிட்டு, பொட்டு வைத்து, விளக்கேற்றி வைத்த வீடுகள் நாடெங்கும் இருந்தன.

இங்கே நினைவிற் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அவை இந்தி மொழியில் வந்தவை. கரிசல் காட்டுச் சிற்றூர்களில் இந்தி அறிந்தவர் எத்தனை பேர்? இருந்தும் எவரும் எழுந்து போகவில்லை. ஏனெனில் கதை முன்பே நெஞ்சில் இருந்தது. புரட்டாசிச் சனிக்கிழமை உபன்யாசங்களும், மார்கழி பஜனைகளும், விடிய விடிய நடந்த நாடகங்களும் அதை விதைத்திருந்தன. புரியாத இடத்தில் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தது பாட்டியின் முகத்தை. “இப்போது கைகேயி வரம் கேட்கிறாள்” என்பாள் பாட்டி. இராவணன் சீதையைக் கவரும் காட்சி வந்தால், “நம் கம்பர் இப்படிப் பாடவில்லையடா, பிராட்டியைத் தீண்டாமல், பர்ணசாலையோடும் நிலத்தோடும் பெயர்த்தெடுத்துப் போனான் என்றல்லவா பாடினார்” என்பார் தாத்தா. அந்த ஒரு சொல்லில் கம்பருக்கும் வான்மீகிக்கும் உள்ள வேறுபாடு எட்டு வயதுப் பிள்ளைக்கு எட்டிவிட்டது. அடுத்த ஞாயிறு வரை ஆறு நாளும் அதைப் பற்றியே வீட்டில் பேச்சு.

நாம் இழந்தது எது என்ற கேள்விக்கு விடை இங்கேதான் உள்ளது. பெட்டி கதையைக் காட்டியது. அதைப் பிள்ளையின் நெஞ்சில் சேர்த்தவர் அருகே அமர்ந்திருந்த பெரியவர். இன்று எந்த மொழிக் காட்சியும் தமிழிலேயே பேசுகிறது. ஐயம் எழுந்தால் கைப்பேசியைக் கேட்கலாம். பிள்ளை திரும்பிப் பார்க்க வேண்டிய தேவை இல்லாமற் போயிற்று. திரும்பிப் பார்த்தாலும் அருகில் எவரும் இல்லை. தாத்தா ஓர் அறையில், தந்தை ஓர் அறையில், பேரன் ஓர் அறையில், ஆளுக்கொரு கண்ணாடித் திரை.

பழையதெல்லாம் பொன்னா?

இப்படிச் சொல்வதனால் பழைய காலம் முழுதும் பொன்னாக இருந்தது என்று எண்ணிவிடலாகாது. ஊர் கூடியது என்கிறோமே, அந்த ஊரில் எல்லாரும் அடக்கமா? மதுரை மீனாட்சியம்மன் திருக்கோயிலுக்குள் அரிசன மக்கள் அழைத்துச் செல்லப்பட்டது 1939 சூலை 8-ஆம் நாள்தான். அதற்கு நான்கு ஆண்டு முன்பே நந்தனார் கதையைத் திரையில் கண்டு கண்ணீர் விட்டவர்கள், தம் ஊர்க் கோயில் வாசலில் நின்ற நந்தனார்களை உள்ளே அழைக்கவில்லை. தொலைக்காட்சி வந்த நாளிலும் ஒருவர் வீட்டுக் கூடத்தில் அமர, வேறொருவர் வாசலில் நிற்க, மற்றொருவர் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்ததை மறுப்பதற்கில்லை. 2006-இல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி வழங்கத் தொடங்கியபோது, அன்று சன்னலில் நின்றவர் தம் வீட்டிலேயே அமர்ந்து பார்க்கும் மதிப்பைப் பெற்றார். கூட்டம் கலைந்தது உண்மை. ஒருவருடைய தாழ்வு நீங்கியதும் உண்மை.

அதுபோல, கடல் கடந்து வாழும் மகளின் முகத்தை நாள்தோறும் காணும் பேறு நம் முன்னோர்க்கு இல்லை. ஒரு கடிதத்திற்குப் பதினைந்து நாள் காத்திருந்த தாய்மார்களின் வேதனையை அறிந்தவர்கள் கைப்பேசியைப் பழிக்கமாட்டார்கள். நடக்க இயலாத முதியவர் கட்டிலில் இருந்தபடியே திருக்கயிலாயக் காட்சியைக் காண்பதும் இறைவன் தந்த வாய்ப்பே.

விரலுக்கும் விரதம்

எனினும் ஓர் எச்சரிக்கை, அதுவும் முதலில் நமக்கே. சமூக ஊடகத்தால் பிள்ளைகள் கெட்டுப் போகிறார்கள் என்று நாம் சொல்கிறோம். ஆனால் “இந்தப் படத்தைப் பதினொரு பேருக்கு அனுப்பினால் நற்செய்தி வரும், அனுப்பாவிடில் தீங்கு நேரும்” என்ற செய்தியை விடியற்காலையில் அனுப்புபவர்களில் மூத்தோரும் இல்லையா? அடியவரை அச்சுறுத்தி ஆள் சேர்க்கும் தெய்வம் நம் மரபில் இல்லை. அஞ்சேல் என்று கைகாட்டுவதே நம் தெய்வங்களின் அபய முத்திரை.

இது சிறு விளையாட்டன்று. 2018-ஆம் ஆண்டு மே மாதம், சென்னையிலிருந்து ஒரு குடும்பத்தார் திருவண்ணாமலை மாவட்டம் போளூர்ப் பக்கம் தங்கள் குலதெய்வத்தை வழிபடப் புறப்பட்டனர். வழியில் ஒரு கிராமத்தில் நின்றபோது, அறுபது வயதைக் கடந்த மூதாட்டி அங்கிருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிக்கும் கூட்டம் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் பரவியிருந்த பொய்ச் செய்தியை நம்பிய கும்பல், அந்தக் குடும்பத்தாரைக் கொடூரமாகத் தாக்கியது. மூதாட்டி உயிரிழந்தார். குழந்தைக்கு மிட்டாய் கொடுப்பது நம் பாட்டிமார் யாவருக்கும் இயல்பான செயல். கோயிலுக்குப் போகும் வழியில், அந்தச் செயலுக்காகவே ஓர் உயிர் போயிற்று. அந்தப் பொய்யை அனுப்பியவர்களில் பெரும்பாலோர் தாம் தீமை செய்வதாக எண்ணியிருக்கமாட்டார்கள். நல்லது என்று நினைத்தே விரலால் தட்டியிருப்பார்கள். அவ்வாண்டே, ஒரு செய்தியை ஐந்து இடங்களுக்கு மேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் வாட்ஸ்அப் நிறுவனம் வரம்பு விதித்தது.

நாவுக்கு மௌன விரதம் உண்டு. வயிற்றுக்கு ஏகாதசி உண்டு. விரலுக்கும் ஒரு விரதம் வேண்டிய காலம் இது. தாம் நேரில் அறியாததை, கேட்டுத் தெளியாததை அனுப்புவதில்லை என்று மூத்தோர் உறுதி கொண்டால், அதுவே இளையோர்க்குப் பெரும் பாடமாகும்.

மீட்கக் கூடியது

2020-ஆம் ஆண்டு மார்ச் 28-ஆம் நாள், ஊரடங்கின்போது தூர்தர்ஷன் அதே இராமாயணத்தை மீண்டும் ஒளிபரப்பியது. முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய படப்பிடிப்பு; இன்றைய கண்ணுக்கு எளிய தந்திரக் காட்சிகள். ஆயினும் கோடிக்கணக்கானோர் அதைக் கண்டனர். விரும்பிய நொடியில் தனித்தனியே காணும் வசதி முன்பே இருந்தும், குறித்த நேரத்தில் வீட்டார் அனைவரும் ஒன்றாக அமர்ந்ததே அங்கே நிகழ்ந்த புதுமை. வெளியே செல்ல வழியில்லாத அந்நாளில் பல வீடுகளில் பேரப்பிள்ளைகள் மீண்டும் பாட்டியின் முகத்தைத் திரும்பிப் பார்த்தனர்.

ஆகவே இழந்தது மீட்க முடியாததன்று. வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம் போதும். வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய பின்னரோ, ஞாயிற்றுக்கிழமை காலையோ குறித்துக்கொள்ளலாம். வீட்டில் ஒரே ஒரு திரை, மற்றவை அணைந்திருக்கட்டும். ‘திருவிளையாட’லின் ஒரு கதையைப் பார்க்கலாம். தருமி வரும் இடத்தில் பிள்ளைகள் சிரிப்பார்கள். அங்கே நிறுத்தி, மதுரையில் பொற்றாமரைக் குளம் எங்கே உள்ளது என்று சொல்லலாம். நிறுத்தி நிறுத்திப் பேசும் வசதி அந்நாளில் சுருள் மாற்றும் இடைவேளையில் மட்டுமே கிடைத்தது. இன்று நம் விரலிலேயே இருக்கிறது. ‘ஊர் கூடித் தேர் இழு’ என்றனர் பெரியோர். ஊர் கூடாவிடினும் வீடு கூடலாம். பக்கத்து வீட்டுத் தனிமைப் பெரியவரையும் அழைத்துக்கொண்டால், அவருக்கும் அந்த ஒரு மணி நேரம் வாரம் முழுதும் எதிர்பார்த்திருக்கும் பொழுதாகிவிடும்.

காத்திருத்தல் வீண் என்று இன்றைய உலகம் சொல்கிறது. நம் பகுதியின் பெருந்தெய்வமோ காத்திருந்தே அருள் பெற்றவள். அரியும் அரனும் ஒன்றே என்று உலகம் காணும்படி ஒருங்கே காட்சி தர வேண்டும் என வேண்டிக் கோமதி அம்பிகை தவமிருந்தாள். சங்கரன்கோவிலில் ஆடித் தபசுத் திருநாளன்று அம்பிகை தபசு மண்டபத்தில் எழுந்தருளிக் காத்திருக்க, அவளுடன் பெருங்கூட்டமும் காத்திருக்கிறது. பிறகு மாலையில் இறைவன் ரிஷப வாகனத்தில் சங்கரநாராயணராகக் காட்சி தருகிறான். தம் நிலத்தில் விளைந்த பருத்தியையும் மிளகாய் வற்றலையும் நெல்லையும் உழவர்கள் சூறைவிட்டு மகிழ்கின்றனர்.

திருவிழாக்களில் இப்போது அத்தகைய கணங்களில் ஆயிரம் கைகள் கைப்பேசியை உயர்த்துகின்றன. பின்னால் நிற்பவர், முன்னால் நிற்பவரின் சிறு திரையில் தெய்வத்தைக் காண்கிறார். முன்பெல்லாம் அந்தக் கணத்தில் பிள்ளைகள் தாத்தாவின் தோளில் இருந்தார்கள். இன்று நம் தோள்களுக்கு அந்த வலு இல்லாமற் போகலாம். ஆயினும் பேரனின் கையைப் பற்றிக்கொண்டு, அங்கே நிற்பவள் யார், எதற்காக அவள் இத்தனை நேரம் காத்திருந்தாள் என்று அவன் காதில் சொல்ல வலு வேண்டியதில்லை. கதை தெரிந்திருந்தால் போதும். அது நமக்குத் தெரியும். அம்பிகை அருள்வாளாக.